வளையல் கடைக்கு இடம் இல்லையாம், கமால்

என் ஆசை மச்சான் கமாலுக்கு,

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. செத்தவனுக்குக் கடிதாசி எழுதுகிறவனைப் பார்த்தால் நீயே "இன்னா மாமே, மறை கயண்டுகிச்சா?" என்று சிரித்திருப்பாய். இப்போது எழுதுகிறேன் என்றால் வயிற்றெரிச்சல். யாரிடமாவது கத்தித் தீர்க்காவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கிறது. இருபது வருடமாக நான் கத்துவதையெல்லாம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டவன் நீதானே. இதையும் கேள்.

முதலில் கடைச் சேதி. பேனர் மெஷின் ஓடுகிறது, ஆனால் மக்கர் பண்ணுகிறது. சிவப்பு மட்டும் கோடு கோடாக விழுகிறது. உன் கம்ப்யூட்டரில் இப்போது கீதா உட்காருகிறாள், நீ இருந்தபோதே வேலைக்குச் சேர்ந்த பெண்தான். பாரிவாக்கம் போகிற ரோட்டில் நம் கடைக்கு எதிரே பாதி கட்டி நின்றதே ஐந்து மாடி ஃப்ளாட், அதில் ஆள் குடிவந்துவிட்டது. சேலம், திருச்சி, நாகர்கோவில் என்று எங்கிருந்தெல்லாமோ வந்த ஐ.டி. குடும்பங்கள். குழந்தைக்கு முதல் பிறந்தநாள் பேனர் கேட்டு வருகிறார்கள். பின்னால் பலூன் போடச் சொல்கிறார்கள், போடுகிறோம்.

உன் பெண்டாட்டி பர்வீன் நன்றாக இருக்கிறாள் என்று எழுதத்தான் ஆசை. எழுத முடியவில்லை. இந்தக் கடிதமே அவளைப் பற்றியதுதான்.

ஆடி வந்துவிட்டது, மச்சான். பூந்தமல்லியிலிருந்து திருமழிசை வரைக்கும், அந்தப் பக்கம் மாங்காடு வரைக்கும், எந்தத் தெருவில் கூழ் ஊற்றினாலும் பேனர் நம் கடையில் அடித்ததாக இருக்கும். அத்தனை பேனரிலும் நீ வரைந்த அம்மன் இருப்பாள். மற்ற கடைக்காரர்கள் நெட்டிலிருந்து ஒரு படத்தை இறக்கி ஒட்டுவார்கள். நீ மட்டும் மவுஸைப் பிடித்துக்கொண்டு பதினைந்து நாள் உட்கார்ந்து ஒரு அம்மனை வரைந்தாய். முகத்தை இரண்டே நாளில் முடித்தாய். கைக்குத்தான் அத்தனை நாள் பிடித்தது. பர்வீனின் வளையல் கடைப் பெட்டியிலிருந்து பச்சைக் கண்ணாடி வளையல் ஒரு டஜனை எடுத்து வந்து மானிட்டர் பக்கத்தில் அடுக்கி வைத்துக்கொண்டு, அதில் உள்ள பொன் புள்ளியைக்கூட விடாமல் வரைந்தாய்.

அதற்காக நீ வாங்கிய ஏச்சும் எனக்குத் தெரியும். பள்ளிவாசலில் ஒரு பெரியவர் உன்னை ஓரமாக நிறுத்தி, உருவம் வரைவது பாவம், அதுவும் வேறு மார்க்கத்துச் சாமியை வரையலாமா என்று கேட்டார். நீ தலையை ஆட்டிவிட்டு வந்து மறுபடி அம்மனுக்கு மூக்குத்தி வைத்தாய். "அவரு கடமைக்கு அவரு சொன்னாரு. என் தொழிலுக்கு நான் பண்றேன்" என்று சிரித்தாய். எல்லாவற்றுக்கும் சிரிப்பாய் நீ. அந்தச் சிரிப்பின் மேல்கூட இப்போது எனக்குக் கோபம் வருகிறது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நடந்தது இதுதான். நம் தெரு அம்மன் கோயில் கமிட்டியிலிருந்து பேனருக்கு வாட்ஸாப்பில் ஆர்டர் வந்தது. இருபதுக்குப் பத்தடி, தெருமுனையில் கட்ட. தேதி, கரகம், கூழ், தீமிதி, வழக்கமான எல்லாம் இருந்தன. கீழே கட்டம் கட்டி ஒரு வரி புதிதாக இருந்தது. "திருவிழாவில் மாற்று மதத்தினர் கடை வைக்க அனுமதி இல்லை."

கீதாவுக்கு ஆடி ஆர்டர் என்றால் கை தானாக ஓடும். "கமால் அம்மன்" என்று நீ பெயர் வைத்த ஃபைலைத் திறந்து எழுத்தை மட்டும் மாற்றினாள். எனக்கு அனுப்பினாள். நான் பிழை பார்த்தேன். எப்படிப் பார்ப்போம் என்று உனக்குத் தெரியும், நம் கடை வழக்கமே அதுதான், கடைசி வார்த்தையிலிருந்து முதல் வார்த்தைக்குப் பின்னோக்கிப் படிப்போம். நேராகப் படித்தால் அர்த்தத்தில் மனசு போய்விடும், எழுத்து கண்ணில் படாது என்பாய். இல்லை, அனுமதி, வைக்க, கடை. ஓரிடத்தில் ஒரு ஒற்று விட்டுப்போயிருந்தது, சேர்க்கச் சொன்னேன். "ஓகே" என்று அனுப்பினேன்.

பின்னோக்கிப் படித்ததால் புரியவில்லை என்று உன்னிடம் சொல்லலாம். நீயும் நம்புவதுபோல் நடிப்பாய். பொய், கமால். முதல் வார்த்தைக்கு வந்தபோதே எனக்குப் புரிந்தது. உடனே எனக்கு நானே ஒரு பதில் சொல்லிக்கொண்டேன். நாம் அச்சடிக்கிறவன், அவன் சொல்கிறதை அடிக்கிறோம், நமக்கு எல்லாச் சாமியும் கஸ்டமர்தானே என்று.

அந்த வார்த்தையைத்தான் இத்தனை வருடமாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம் இல்லையா? மேடையில் யாராவது மதச்சார்பின்மை என்று பேசினால் நான் உன் தொடையைத் தட்டி, "நம்ம கடையத்தான் சொல்றாரு" என்பேன். மாதா கோயில் கொடியேற்றம், மீலாது விழா, ஆடிக் கூழ், எல்லாம் ஒரே ரோல், ஒரே இங்க். நம்மைப் பார்த்து நாடு கற்றுக்கொள்ளட்டும் என்று ஒரு திமிர் இருந்தது எனக்கு. அதே ரோலில், அதே இங்க்கில், ஒரு விதவை பிழைக்கக் கூடாது என்று அடித்துக் கொடுத்திருக்கிறேன். ஒற்றுப்பிழையைக்கூடத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். என்னை எதால் அடிப்பது, சொல்.

பேனர் கட்டிய மறுநாள் காலை பர்வீன் கடைக்கு வந்தாள். வழக்கமாக வாசலிலேயே நின்று "ண்ணா, டீ சாப்ட்டியா" என்பாள். அன்றைக்கு நேரே உள்ளே வந்து உன் கம்ப்யூட்டர் முன்னால் நின்றாள். கீதா எழுந்துகொண்டாள்.

"ண்ணா, தெருமுனைல ஒரு பேனர் கட்டிகீறாங்களே, பாத்தியா?"

நான் கல்லாப் பெட்டியைத் திறந்து மூடினேன்.

"அது அவரு வரைஞ்ச அம்மன்தான?" என்று கேட்டாள். "கைல நம்ம கடை வளையல் கீது. பச்ச, நடுவுல பொன் புள்ளி. எனக்குத் தெரியாதா?"

அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். திட்டியிருந்தால் தலையைக் குனிந்திருப்பேன். அவள் இரண்டும் செய்யவில்லை. ஏன் அடித்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. பதில் தெரிந்த கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கீதாதான் பின்னால் நின்று விசும்பினாள். "டெம்ப்ளேட் அதுதானக்கா, ஆடின்னா அதைத்தான் எடுப்போம், நான் யோசிக்கலக்கா" என்று. பர்வீன் அவள் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

மச்சான், அந்த இடம் அவளுக்கு என்ன என்று எனக்குத் தெரியாதா? டிரான்ஸ்ஃபார்மருக்கு இந்தப் பக்கம், கோயில் வளைவுக்கு நேர் எதிரே, எட்டடிக்கு நாலடி. அவள் அப்பா வளையல்கார பாய் போட்ட இடம். அவருக்குப் பிறகு இவள். ஆடித் திருவிழா அன்று காலையில் ஒரு டஜன் பச்சை வளையலைப் பூசாரி கையில் கொடுப்பாள். அது அம்மன் கையில் ஏறிய பிறகுதான் கடையைத் திறப்பாள். இந்தத் தெருவில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் யாராக இருந்தாலும் அன்றைக்கு முதல் வளையல் பர்வீன் கையால் போட்டுக்கொள்வதுதான் வழக்கம். நீ இறந்தபோது உங்கள் வழக்கப்படி இத்தா என்று நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்தாளே, அப்போதும் என் பெண்டாட்டியிடம் அவள் கேட்டது, "அண்ணி, ஆடிக்குள்ள நான் வெளிய வந்துடுவேன் இல்ல?" என்பதுதான். வேறு என்ன இருக்கிறது அவளுக்கு, நீயும் போய்விட்ட பிறகு?

அன்றே தணிகாசலத்தைப் பார்க்கப் போனேன். அவன்தான் இந்த வருடம் கமிட்டித் தலைவன். ஆவடி ஃபேக்டரியில் ரிட்டயர் ஆகி வந்த நம் தணிகாசலம். ரம்ஜானுக்கு உன் வீட்டுப் பிரியாணி இல்லாமல் அவனுக்கு ஒரு வருடம் கழிந்ததுண்டா? உன் சந்தூக்கை கபர்ஸ்தானுக்குத் தூக்கிக்கொண்டு போனபோது எனக்கு முன்னால் தோள் கொடுத்தவன் அவன். அன்றைக்கு அவன் சட்டை நனைந்தது மழையில் மட்டும் இல்லை, நான் பார்த்தேன். அவனிடம் போய்க் கேட்டேன், இது என்ன வேலை என்று.

"ஏழுமல, நான் இன்னா பண்றது? குரூப்புல எல்லாம் கேக்குறாங்கோ. மத்த ஏரியால போட்டுட்டாங்க, நாம மட்டும் போடலன்னா நம்மள இன்னா நெனப்பாங்க?" என்றான்.

"யாரு கேக்குறது? பேரு சொல்லு."

"பேரு இன்னாத்துக்கு? பொதுவாத்தான். ஃப்ளாட்டுக்காரங்க கொஞ்சம் பேரு, நம்ம ஆளுங்க கொஞ்சம் பேரு. கமால் இருந்தா பேச்சே வேற. அவன் நம்மாளு."

"பர்வீன் யாரு?"

"அய்யய்ய, பர்வீன் மேல எனக்கு இன்னா கோவம்? அது என் தங்கச்சி மாறி."

எத்தனை பேருக்கு அவள் தங்கச்சி மாதிரி, பார்த்தாயா! அதோடு நிறுத்தினானா? குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று சொன்னான். அதைக் கேட்டதிலிருந்துதான் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

"ஆனா ஒண்ணு, ஏழுமல. அம்மனுக்குச் சாத்துற வளையல் மட்டும் எப்பவும் போல அங்கேர்ந்துதான் வரணும். அத நிறுத்தக் கூடாது, தெய்வக் குத்தமாயிடும். நீயே சொல்லி வாங்கிக் குடுத்துடு. கடைதான் வேணாம்னு சொல்றோம்."

கேட்டாயா, கமால்? வளையல் வேண்டும், வளையல்காரி வேண்டாம். அவள் வீட்டு வளையல் இல்லாவிட்டால் அம்மனுக்குக் குறை. அவளே எதிரில் உட்கார்ந்தால் அம்மனுக்குத் தீட்டா? "அம்மன் கைக்கு ஆவுது, உன் ரோட்டுக்கு ஆவாதா?" என்று கேட்டேன். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். பாவி, அவனுக்கே தெரியும், தான் செய்வது அயோக்கியத்தனம் என்று. தெரிந்தே செய்கிறவனை என்ன செய்வது? வெறி பிடித்தவனோடு சண்டை போட்டுவிடலாம். நல்லவன் ஊருக்குப் பயந்துகொண்டு செய்கிறானே, அவனோடு எப்படிச் சண்டை போடுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் போட்டேன். கடைக்குப் போய் ஏணியையும் கட்டரையும் எடுத்துக்கொண்டு வந்து, பட்டப்பகலில், பதினோரு மணிக்கு, தெருமுனையில் ஏணியைச் சாத்தி ஏறினேன். கூட்டம் கூடிவிட்டது. தணிகாசலம் ஓடி வந்தான். "இன்னா இது அசிங்கம், எறங்குடா கீழ! அது கோயில் பேனர்!" என்று கத்தினான்.

"பேனர் உங்களுது, எழுத்து உங்களுது. அம்மன் என் மச்சான் வரைஞ்சது. அவள மட்டும் எடுத்துக்குறேன்" என்றேன்.

வெட்டினேன். கிரீட ஓரம் தொடங்கி, சூலத்தைச் சுற்றி, உன் கை வரைந்த கோட்டுக்கு அரை அங்குலம் வெளியே விட்டுவிட்டு, மெதுவாகச் சுற்றி வெட்டினேன். நானும் அவளைக் கும்பிடுகிறவன்தான், செருப்பைக் கீழேயே விட்டுவிட்டுத்தான் ஏறியிருந்தேன். வளையல் இருக்கும் இடத்தில் இன்னும் நிதானமாக வெட்டினேன். சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினேன். ஒருத்தன் செல்போனில் வீடியோ எடுத்தான். ஒருத்தன் என் அம்மாவைச் சொல்லித் திட்டினான். மேலே பார்த்தால் பேனர் நடுவில் ஆள் உயரத்துக்கு ஓட்டை, கீழே அந்த ஒரு வரி மட்டும் பளிச்சென்று நின்றது.

பெரிய சாதனை செய்துவிட்டதாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடைக்கு வந்தேன். சாயங்காலத்துக்குள் வேறு எங்கேயோ அடித்து வந்து புது பேனர் கட்டிவிட்டார்கள். நெட்டில் இறக்கிய அம்மன். முன்னைவிடப் பெரிய எழுத்து. நான் மன்னிப்புக் கடிதம் எழுதித் தரவேண்டுமாம், இல்லாவிட்டால் இந்தச் சுற்று வட்டாரத்தில் ஒரு கோயில்கூட நம் கடைக்கு ஆர்டர் தராதாம். ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். எழுதித் தரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். அதுவரைக்கும் எனக்கு என் மேல் கொஞ்சம் மரியாதை இருந்தது.

அந்த மரியாதையோடு சுருட்டிய அம்மனைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். பர்வீன் வராந்தாவில் உட்கார்ந்து வளையலைச் சைஸ் வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். ஏணியில் ஏறினது, வெட்டினது, தணிகாசலம் மூஞ்சி போன போக்கு, எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தாள். கை நிற்கவில்லை.

"சாமிய வெட்டி எடுத்துகினு வந்துட்ட. சரி. எனக்கு எடம் வந்துச்சாண்ணா?"

சுருளைச் சுவரோரமாகச் சாத்தி வைத்தேன்.

"உனக்குக் கோவம் வந்துச்சு, தீத்துகினே. ஊரே பாத்துச்சு. நாளைக்கு இதையே என் தலைலதான் வெப்பாங்கோ, அந்தப் பொம்பள தூண்டி விட்டுதான் ஏழுமல அம்மன வெட்டினான்னு. அத யோசிச்சியா?"

யோசிக்கவில்லை, மச்சான். சத்தியமாக யோசிக்கவில்லை. எனக்கு என் அவமானத்தைத் துடைக்கவேண்டியிருந்தது, துடைத்துக்கொண்டேன். அவள் பாட்டுக்கு நடுத்தெருவில் நின்றுகொண்டிருக்கிறாள். சரி, இதையாவது உருப்படியாகச் செய்வோம் என்று, "நம்ம கடை வாசல் இருக்கு தங்கச்சி. எட்டடி இல்ல, பன்னண்டடி. திருவிழா கூட்டம் அந்தப் பக்கமாத்தான் திரும்பும். அங்க போடு. எவன் கேக்குறான்னு பாக்குறேன்" என்றேன்.

வளையலைக் கீழே வைத்தாள். அப்போதுதான் அவளுக்கு நிஜமாகக் கோபம் வந்தது.

"உன் வாசல்ல நான் இன்னாத்துக்குண்ணா ஒக்காரணும்? பாவம், எடமில்லாம இங்க குந்திகினு கீதுன்னு சொல்றதுக்கா? எங்கப்பன் போட்ட எடம் அங்க கீது. அது கோயில் எடம் இல்ல, ரோடு. ரோட்டுக்கு இன்னா மதம்? முனிசிபாலிட்டி ஆபீசுக்குப் போய் மனு எழுதிக் குடுத்துட்டு, சீல் வாங்கிகினு வந்துகீறேன். ஸ்டேசன்லயும் ஒரு காப்பி குடுத்துகீறேன். ஞாயித்துக்கெழம காலைல என் எடத்துலதான் கடை. எவன் வந்து தூக்குறான்னு நான் பாக்குறேன்."

பீரோவிலிருந்து மனுவின் ஜெராக்ஸை எடுத்துக் காட்டினாள். அவள் கையெழுத்துதான், இரண்டு பக்கம், எங்கும் கெஞ்சல் கிடையாது. நான் ஏணி தூக்கிக்கொண்டு வீரம் காட்டிக்கொண்டிருந்த அதே காலையில் அவள் க்யூவில் நின்று சீல் வாங்கியிருக்கிறாள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவேண்டும்? நான் யார், பேனர் அடித்தவன்தானே?

இங்கே உன்னை ஒன்று கேட்கவேண்டும். அவளுக்கு இருக்கிற இந்தக் கோபம் உனக்கு ஏன் வரவேயில்லை? வீடு பார்க்கப் போனபோது பெயரைக் கேட்டதும் "இப்பதான் வேற ஆளுக்குச் சொல்லிட்டோம்" என்றார்களே, சிரித்துக்கொண்டே வந்து சொன்னாய். ஒரு கஸ்டமர் உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே உங்க ஆளுங்க அப்படி, உங்க ஆளுங்க இப்படி என்று பேசினானே, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாய். நீ சிரித்ததால் நானும் சிரித்தேன், கமால். வலிக்கவில்லை போலிருக்கிறது என்று வசதியாக நினைத்துக்கொண்டேன். வலித்ததா? ஒரு நாளாவது சொல்லித் தொலைத்திருக்கக்கூடாதா? சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

கிளம்பும்போது பர்வீன் கூப்பிட்டாள். "ண்ணா, எனக்கு ஒரு பேனர் அடிச்சுக் குடு. ஆறுக்கு மூணு. இத்தினி வருசத்துல பேனர் கடைக்காரன் பொண்டாட்டி கடைக்கு ஒரு பேனர் கெடையாது."

"இன்னா போடணும்?"

"பர்வீன் வளையல் கடைன்னு போடு. படம் கிடம் வேணாம். பேரு மட்டும் பெருசா."

இனி நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு நீ என்னைச் சபித்தாலும் சரி. ஏணியில் ஏறினவன், அம்மனை வெட்டினவன், மன்னிப்பு எழுதித் தரமாட்டேன் என்று மார் தட்டினவன், நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பேரு எதுக்குத் தங்கச்சி? வளையல் கடைன்னு மட்டும் போட்டா போதாதா? எல்லாத்துக்கும் உன்னத் தெரியும். எதுக்கு வீணா அவனுங்க கண்ண உறுத்தணும்?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏண்ணா, என் பேரு இன்னா கெட்ட வார்த்தையா?"

மச்சான், செருப்பால் அடித்திருந்தால் துடைத்துக்கொண்டு போயிருப்பேன். அந்த ஒரு கேள்வியில் எனக்குக் காது அடைத்துவிட்டது. நான் அடித்துக் கொடுத்த பேனருக்கும் நான் இப்போது சொன்னதற்கும் என்ன வித்தியாசம்? அவன் கடையை எடு என்றான், நான் பெயரை எடு என்கிறேன். அவன் பகையாளியாகச் சொன்னான், நான் அண்ணனாகச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

கடைக்குத் திரும்பி நடக்கிறபோது நம் கடைப் பலகையை அண்ணாந்து பார்த்தேன். "ஏழுமலை டிஜிட்டல்ஸ்." இருபது வருடமாக இருவரும் சேர்ந்து நடத்திய கடை, உழைப்பில் உன்னுடையதுதான் ஒரு பங்கு அதிகம். பெயர் மட்டும் என்னுடையது. பலகை எழுதின அன்றைக்கு நீதான் சொன்னாய், "என் பேரு வேணாம் மாமே, கோயில் ஆர்டர் வரணும்ல" என்று. சரி என்றேன். ஏன் என்று நான் கேட்கவே இல்லை. நீயும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாய்.

உடனே திரும்பி ஓடினேன். "தங்கச்சி, கடைப் பலகைய மாத்திடறேன். கமால்னு போட்டுடறேன், இன்னைக்கே" என்றேன், மூச்சு வாங்க. அவள் கோபப்படவில்லை. கொஞ்சம் களைப்பாகத்தான் சொன்னாள்.

"செத்தவரு பேர எழுதுறது சுலபம்ணா. அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கோ. அவன் நம்மாளுன்னு கண்ணு கலங்குவாங்கோ. உசுரோட கீறவ பேர எழுது மொதல்ல."

எழுதிவிட்டேன், கமால். இன்று சனிக்கிழமை. மத்தியானம் கீதா நகர்ந்துகொள்ள, நானே உன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அடித்தேன். மஞ்சளில் கறுப்பு எழுத்து. ஆறுக்கு மூணில் எவ்வளவு பெரிதாக வருமோ அவ்வளவு பெரிதாக "பர்வீன்". சைக்கிளில் போகிறவன், பஸ்ஸில் போகிறவன், எதிர் ஃப்ளாட்டில் ஐந்தாவது மாடியில் நிற்கிறவன், எல்லாருக்கும் தெரியும். அதற்குக் கீழே சின்னதாக "வளையல் கடை". பார்க்க வந்த என் பெண்டாட்டி, "ஏங்க, பயமா இல்லையா?" என்று கேட்டாள். பயமாகத்தான் இருக்கிறது என்றேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இனி நம் மெஷினில் எல்லாம் ஓடாது. எல்லாருக்கும் அடிப்போம், எல்லாவற்றையும் அடிக்க மாட்டோம். கோயிலோ, கட்சியோ, பள்ளிவாசலோ, எவனாக இருந்தாலும் ஒருத்தனை நிற்காதே, விற்காதே, வராதே என்று எழுதிக்கொண்டு வந்தால் ஃபைலைத் திறக்கக்கூடாது என்று கீதாவிடம் சொல்லிவிட்டேன். அவள் "சரி சார்" என்று சொல்லவில்லை. "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம் சார்" என்றாள்.

நாளைக் காலை ஏழு மணிக்கு டிரான்ஸ்ஃபார்மருக்கு இந்தப் பக்கம், உன் மாமனார் போட்ட அதே இடத்தில் கொம்பு நட்டு, இந்தப் பேனரை என் கையால் கட்டுவேன். நாலு மூலையிலும் இரட்டை முடிச்சு. கமிட்டி வரும், தணிகாசலம் வருவான், போலீசும் வரலாம். அம்மனுக்கு வளையல் கேட்டுப் பூசாரி வந்தால் கொடுப்பதா வேண்டாமா என்பதை பர்வீன் முடிவு செய்வாள், நான் வாயைத் திறக்க மாட்டேன். அவளுக்காகப் பேச அவளுக்குத் தெரியும். கடையை எடுத்து வைக்கிற வரைக்கும் அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவேன். யாராவது வந்து யாரு கடை இது என்று கேட்டால், பேனரைக் காட்டிப் பேரைச் சத்தமாகப் படிப்பேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு. உனக்கில்லை, அவளுக்கு. நீ சாட்சி.

இப்படிக்கு,
பர்வீனின் அண்ணன்,
அந்த உறவில் மட்டும் உனக்கு மச்சான்,
ஏழுமலை